பச்சை அட்டை

அகல்யா வக்கீல்தான். ஆனால் அவள் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கிளம்பியதை அண்ணனூர் ஃபிளாட்டில் யாரும் பார்த்ததில்லை. அவள் அப்பா தட்சிணாமூர்த்திக்கு அது தீராத குறை. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து, குவார்ட்டர்ஸில் குடியிருந்தபடியே மகளைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பியவர் அவர்.

"கோர்ட்டுக்கே போகாத வக்கீல்னா, அடுப்பே பத்தவைக்காத சமையல்காரன் மாதிரி இல்ல?" என்பார்.

"தீ பத்திக்காம பாத்துக்கறதுதாம்பா என் வேலை" என்பாள் அகல்யா, டிபன் பாக்ஸை மூடியபடி.

முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சட்டப் பிரிவில் பல வருஷம் இருந்தாள். நாற்பதைத் தொடும்போது அதை விட்டுவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு சின்னக் கம்பெனிக்கு வந்தாள். மனநல ஆலோசனை தரும் கம்பெனி. ஃபோனிலும் வீடியோவிலும் ஆலோசகர்கள் பேசுவார்கள். பெயர் 'சாய்மானம்'. கீழ்த்தளத்தில் வால்வு செய்யும் பட்டறை, மேலே இவர்கள். பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு மாதத்துக்கு ஒருவராவது மாடியேறி வந்து, "மூணு சீட்டு சோபா இன்னா ரேட்டுங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அந்தக் கம்பெனிக்கு இருந்த ஒரே வக்கீல் அவள்தான். ஒப்பந்தம் எழுதுவது, ஆலோசகர்களின் பதிவுச் சான்றுகளைச் சரிபார்ப்பது, யாராவது தற்கொலை எண்ணம் சொன்னால் யாருக்கு எந்த அளவு தெரிவிக்கலாம் என்று வரையறுப்பது, செயலியின் முதல் பக்கத்தில் வரும் சம்மதக் குறிப்பைத் தமிழில் எழுதுவது, எல்லாம் அவள் தலையில். சம்மதக் குறிப்பை எழுதி முடித்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மா புஷ்பாவிடம் கொடுப்பாள். அம்மாவுக்குப் புரிந்தால் வெளியே போகும். "இது யாருக்குடி எழுதினது, ஜட்ஜுக்கா?" என்று அம்மா கேட்டால் திரும்ப எழுதுவாள். செய்கிற வேலையில் அவளுக்கு ஒரு தெளிவு இருந்தது. ஒருத்தி மூடிய அறையில் பேசியது அந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

சாய்மானத்தின் பெரிய வாடிக்கையாளர், குத்தம்பாக்கம் பக்கத்தில் காருக்கு ஒயரிங் செய்யும் ஒரு தொழிற்சாலை. வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். முத்தாபுதுப்பேட்டை, திருநின்றவூர், பூந்தமல்லி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். அவர்களுக்கு ஆலோசனைச் செலவு தொழிற்சாலையுடையது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து பேச இடமில்லை. ஓர் அறையும் சமையலறையுமாக இருக்கும் வீட்டில் எந்த மூலையில் போய் மனசைத் திறப்பது? அதனால் தொழிற்சாலையிலேயே ஓர் அறையை ஒதுக்கினார்கள். ஐந்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் அங்கே உட்கார்ந்து பேசலாம்.

ஆனால் பேசி முடிப்பதற்குள் ஐந்தேகால் பஸ் போய்விடும். அடுத்தது ஓவர்டைம் பார்க்கிறவர்களுக்கான ஏழு மணி பஸ். அதில் ஓவர்டைம் இல்லாதவர்களை ஏற்ற மாட்டார்கள். ஒப்பந்தம் பேசும்போது அகல்யாதான் இதைப் பிடித்துக்கொண்டாள். "பொம்பளைங்க இருட்டுல ஷேர் ஆட்டோவுக்கு நிக்கணுமா? பஸ் குடுத்தாத்தான் கையெழுத்து" என்றாள். கொடுத்தார்கள். ஆலோசனைக்கு இருப்பவர்களுக்கு ஒரு பச்சை அட்டை. அதைக் காட்டி ஏழு மணி பஸ்ஸில் ஏறலாம். அட்டையில் பெயர் போடக் கூடாது என்றும் அவள்தான் எழுதிச் சேர்த்தாள். அன்று வீட்டுக்கு வந்ததும் கணவன் வெங்கட்டிடம் அதைத்தான் முதலில் சொன்னாள். தான் எழுதியதிலேயே நல்ல ஷரத்து அதுதான் என்று அவளுக்கு நினைப்பு.

பதினோரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தது. செயலியில் 'புகாருக்கு' என்ற இடத்தில் அகல்யாவின் பெயரும் எண்ணும் இருக்கும். பேசியவள் பெயர் ஷோபனா. நேரில்தான் சொல்வேன் என்றாள். மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. காலையிலேயே மாடியேறி வந்துவிட்டாள். முப்பது வயதிருக்கும். தலையை இழுத்துப் பின்னி, துப்பட்டாவைக் குறுக்கே கட்டியிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு நின்றாள்.

"நீங்கதான் கம்ப்ளெய்ண்ட் மேடமா?"

"ஆமா. உட்காருங்க."

"பச்சை அட்டைன்னு ஒண்ணு குடுத்தீங்களே, அத்த யாரு கண்டுபுடிச்சது?"

"நான்தான்."

ஷோபனா ஒரு நிமிடம் அவளையே பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "நல்லா கண்டுபுடிச்சீங்க போங்க. பஸ்ல ஏறச்சொல்லவே டிரைவர் அண்ணாத்தே சொல்றாரு, 'பச்சை அட்டை வருது, ஜன்னல் சீட்ட குடுங்கப்பா, காத்தோட்டமா வரட்டும்'னு. மொத்த பஸ்ஸும் சிரிக்குது."

அகல்யாவின் முகம் சிவந்தது. அட்டையில் பெயர் இல்லைதான். ஆனால் அட்டையை நீட்டுகிற கைக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கிறது. ஓவர்டைம் பார்ப்பவர்களை எல்லோருக்கும் தெரியும். ஓவர்டைம் இல்லாமல் ஏழு மணி பஸ்ஸில் ஏறுகிறவள் வேறு எதற்காக அங்கே இருந்திருக்க முடியும்? வீட்டில் உட்கார்ந்து நாலு முறை படித்துத் திருத்திய ஷரத்து. ஒரு முறையாவது அந்த பஸ்ஸில் ஏறிப் பார்த்திருக்கலாம்.

"சிரிச்சா சிரிச்சுகினு போவட்டும் மேடம், அத்த நான் பாத்துப்பேன்" என்றாள் ஷோபனா. "எங்க லைனுக்கு லைன் லீடர் போடறாங்க. எட்டு வருஷமா கீறேன் அங்க. எந்த ஒயர் எங்க போவும்னு கண்ண மூடிகினு சொல்லுவேன். இன்டர்வியூவுக்கு சூப்பர்வைசரு என் பேரத்தான் மொதல்ல குடுத்தாரு. போன வாரம் எச்.ஆர்.ல அத்த லிஸ்ட்டுலேர்ந்து தூக்கிட்டாங்களாம். 'உனக்கு ரெஸ்ட் தேவைப்படுது, அடுத்த தபா பாக்கலாம்'ங்கறாரு. எனக்கு இன்னா ரெஸ்ட்டு? நான் கேட்டனா?"

"இன்டர்வியூ எப்ப?"

"வர்ற வியாழக்கெழமைக்கு அடுத்த வியாழன்."

"நான் பேசறேன்" என்று அகல்யா எழப் போனாள்.

"உட்காருங்க மேடம்" என்றாள் இப்போது ஷோபனா. "என் பேரச் சொல்லிப் பேசக்கூடாது. சொன்னீங்கன்னு வெச்சுக்கங்க, அவுங்க பஸ்ல சொல்றது நெசம்னு நீங்களே முத்திரை குத்துன மாதிரி ஆயிடும். நான் உங்ககிட்ட வந்ததே யாருக்கும் தெரியக்கூடாது. ஆனா எனக்கு அந்த இன்டர்வியூ வோணும்."

இதைச் சொல்லிவிட்டு அவள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். அகல்யாவுக்கு அவள் மேல் மரியாதை வந்தது. ஒரு வக்கீல் யோசிக்க வேண்டியதை இவள் படியேறும்போதே யோசித்துவிட்டிருந்தாள். அவள் எதற்காக ஆலோசகரிடம் போகிறாள் என்பது அகல்யாவுக்குத் தெரியாது. ஆலோசகர்கள் எழுதும் குறிப்புகள் தன் கண்ணில் படாதபடி பூட்டு போட்டு வைத்தவளே அவள்தான்.

"தப்பு என்னுது ஷோபனா. அதுக்கு மன்னிச்சுக்கங்க. பேரைச் சொல்லாமலே கேக்கறேன்."

"எப்பிடி?"

"அது இன்னும் தெரியல."

"தெரிஞ்சதுக்கு அப்புறம் சொல்லுங்க" என்று ஷோபனா எழுந்தாள். கதவருகே நின்று, "கீழ வால்வு கம்பெனிக்காரங்க என்னைய சோபா வாங்க வந்தவள்னு நெனச்சுகினு, 'தள்ளுபடி கேளு தங்கச்சி'ன்னாங்க" என்றாள். அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தாள்.

அன்று மதியம் நிறுவனர் பிரசன்னாவிடம் அகல்யா விஷயத்தைச் சொன்னாள், யாருடைய பெயரும் சொல்லாமல். பிரசன்னா அவளைவிடப் பத்து வயது சின்னவன். நல்லவன், ஆனால் எதைக் கேட்டாலும் முதலில் நஷ்டக் கணக்குத்தான் போடுவான்.

"அகல்யா மேம், அடுத்த மாசம் அவங்க ஒப்பந்தம் ரினியூவல். இப்பப் போய் சண்டை போட்டா..."

"சண்டை போடப் போகல. நம்ம தப்பைச் சொல்லிட்டு, அவங்க தப்பைத் திருத்திட்டு வரேன்."

"அவங்க திருத்தலன்னா?"

"அப்ப அந்த ரூமை மூடிட்டு வரணும். உள்ள பேசினது வெளிய போய் ஒருத்தரோட வேலையைக் கெடுக்குதுன்னா, நாம எதைத்தான் விக்கறோம் பிரசன்னா?"

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "சோபாவே வித்திருக்கலாம்" என்றான். பிறகு, "போய்ட்டு வாங்க மேம். காரை எடுத்துக்கங்க" என்றான்.

அவள் தைரியமாகப் பேசிவிட்டு வந்தாலும் எப்படிக் கேட்பது என்பது இன்னும் பிடிபடவில்லை. மனநலச் சட்டத்தில் ரகசியம் காக்கும் உரிமை தெளிவாகவே இருக்கிறது. ஆனால் 'ஆலோசனைக்கு வந்தவளை நீங்கள் ஒதுக்கக் கூடாது' என்று சொன்னாலே, அவள் ஆலோசனைக்கு வந்தாள் என்று சொன்னதாகிவிடும். பாதுகாக்கப் போகிற வாயே காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போக அண்ணனூரில் ரயில் ஏறினாள். பெண்கள் பெட்டியில் ஒருத்தி பூ கட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தி எக்ஸ்ரே கவரை மடியில் வைத்திருந்தாள். ஒரு கல்லூரிப் பெண் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தாள். ஒருவேளை கல்யாணத்துக்கேகூட இருக்கலாம். யாரும் யாரையும் நீ எதற்கு இந்த வண்டியில் ஏறினாய் என்று கேட்கவில்லை. எல்லாக் காரணத்துக்கும் ஒரே டிக்கெட்தான். பட்டரவாக்கத்தில் இறங்கிப் படியேறும்போது அகல்யாவுக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. ஒருத்தியைப் பற்றி மட்டும் பேசினால்தான் அவள் வெளியே தெரிவாள். எல்லோரைப் பற்றியும் பேசினால்?

புதன்கிழமை ஆபீஸ் காரில் பூந்தமல்லி நெரிசலில் ஊர்ந்து தொழிற்சாலை போய்ச் சேர்ந்தாள். மனிதவளத் தலைவர் ஹேமநாதன் அவளைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்தார். நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் இரண்டு பேனா. கெட்ட மனிதர் இல்லை. பெண்களுக்குக் கேண்டீனில் முட்டை போட வைத்தவர் அவர்தான்.

"வாங்க மேடம். வக்கீல் நேர்ல வந்தா பயமா இருக்கே. காபியா, டீயா?"

"காபி சார். ரெண்டு விஷயம். ஒண்ணு எங்க தப்பு, ஒண்ணு உங்க தப்பு. எங்களுதைக் குடிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்."

பச்சை அட்டையைப் பற்றிச் சொன்னாள். யோசனை தன்னுடையது, அதனால் யார் ஆலோசனைக்கு வருகிறார்கள் என்று பஸ் முழுவதும் தெரிகிறது, இன்றோடு அட்டையை நிறுத்த வேண்டும் என்றாள். "ஏழு மணி பஸ்ஸுல யார் வேணா ஏறலாம்னு விட்டுடுங்க. ஓவர்டைம் இருக்கோ இல்லையோ. கேரம் ஆடறவங்க, கம்ப்யூட்டர் கிளாஸ் போறவங்க, சும்மா பேசிட்டு லேட் ஆனவங்க, யாரு வேணா. பாதி பஸ் காலியாத்தானே போகுது?"

"அது பண்ணலாம்" என்றார் ஹேமநாதன். "டிரைவரையும் கூப்பிட்டுச் சொல்றேன். அவன் வாய் எப்பவுமே அப்படித்தான். சரி, எங்க தப்பு என்ன?"

"லைன் லீடர் இன்டர்வியூ. சூப்பர்வைசருங்க குடுத்த பேர்ல எத்தனை பேரை நீக்கினீங்க?"

அவர் காபியைக் கீழே வைத்தார். "நாலு பேரு. ஏன்?"

"நாலு பேரையும் ஏன் நீக்கினீங்கன்னு காரணத்தை எழுதிக் குடுங்க சார். எங்க சேவையால யாரோட வேலையும் பாதிக்கப்படக்கூடாது, சந்தேகம் வந்தா நாங்க கேக்கலாம்னு ஒப்பந்தத்துல இருக்கு. நீங்கதான் கையெழுத்து போட்டீங்க."

"நாலு பேரும் உங்ககிட்ட வராங்களா?"

"யாரு வராங்க, யாரு வரலன்னு நான் சொல்லவே மாட்டேன். நாலு பேருமே வராதவங்களா இருக்கலாம்."

ஹேமநாதன் பின்னால் சாய்ந்தார். அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்பதைக் காட்டிக்கொள்ளும் அவசரத்தில், குரலைத் தாழ்த்தி அன்போடு சொன்னார்: "மேடம், நீங்க ஷோபனாவுக்காகத்தானே கேக்கறீங்க? நான் அவ நல்லதுக்குத்தான் பண்ணேன். பாவம், ஏற்கனவே மனசு சரியில்லாத பொண்ணு, லீடர் போஸ்ட்டு ஒரே டென்ஷன்..."

அகல்யா காபியை ஒரு வாய் குடித்தாள். மெதுவாகத்தான் குடித்தாள்.

"நான் யாரு பேரையும் சொல்லல சார். நீங்க ஒண்ணு சொல்லிட்டீங்க. அவங்க மனசு சரியில்லன்னும் சொல்லிட்டீங்க. உங்களுக்கு அது எப்படித் தெரிஞ்சுதுன்னு நான் இப்பக் கேட்டே ஆகணும்."

ஹேமநாதனின் கை சந்தனத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது.

"பஸ்ல பேசிக்கிட்டாங்கன்னு..."

"அதை எழுதிக் குடுப்பீங்களா? 'பஸ்ஸில் பேசிக்கொண்டதால் இன்டர்வியூவுக்குத் தகுதியில்லை'ன்னு?"

அவர் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி சொருகிக்கொண்டார்.

"வேலையில ஏதாவது குறை இருந்தா எழுதுங்க, நான் ஒரு வார்த்தை பேசாம போயிடறேன். லீவ் அதிகமா, தப்பு அதிகமா, எதுவா இருந்தாலும். நாலு பேருக்கும் அதேதான். எழுத முடிஞ்சா எழுதுங்க. முடியலன்னா இன்டர்வியூவுக்குக் கூப்பிடுங்க. அங்க அவங்க தேறலன்னா அது உங்க பாடு, அவங்க பாடு."

"அடுத்த மாசம் ரினியூவல் இருக்கு மேடம்" என்றார் ஹேமநாதன். மிரட்டல் இல்லை, வேறு சொல்ல ஒன்றும் இல்லாததால் சொன்னார்.

"அதைப் பேச எங்க ஆபீஸ்ல தனியா ஆள் இருக்கு சார். நல்லாப் பேசுவாங்க. நான் இதுக்கு மட்டும்தான் வந்தேன். இது நடக்கலன்னா நாங்களே அந்த ரூமை மூடிடுவோம். ஏன் மூடினோம்னு சட்டப்படி சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுவோம்."

ஹேமநாதன் கணினியில் எதையோ திறந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நாலு பெயர்களையும் பார்த்தார். ஒருத்திக்கு வருகை குறைவு; அதை எழுதிக் கொடுத்தார், நியாயமாகவே இருந்தது. இன்னொருத்தி சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசியவள். அவளையும் கூப்பிடலாம் என்றார். மூன்றாவது பெயரில் சற்று நின்றார்.

"இவங்க ஏழாவது மாசம்... அதனால..."

அகல்யா கோப்பையைக் கீழே வைத்தாள். "அதைப் பத்திப் பேச நான் இன்னொரு நாள் வரேன் சார். நீங்களே இப்ப அந்தப் பேரைத் திரும்பச் சேர்த்துட்டா வர வேண்டியிருக்காது."

ஹேமநாதன் தன்னை மீறிச் சிரித்துவிட்டார். "உங்களை யாரும் கோர்ட்டுக்கு அனுப்பாதது கோர்ட்டுக்கு நல்லது மேடம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெயரைச் சேர்த்தார். நாலாவது பெயரை அவர் உரக்கப் படிக்கவில்லை. சேர்த்தார்.

அன்று மாலை ஷோபனாவுக்கு அகல்யா ஃபோன் செய்தாள். "இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவாங்க. மூணு பேரைத் திரும்பக் கூப்பிடறாங்க. அதுல நீங்களும் ஒருத்தர். உங்க பேரை நான் சொல்லல." ஹேமநாதன் தானாகவே பெயரைச் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள்.

மறுமுனையில் குக்கர் விசில் கேட்டது. "அவுருக்குத் தெரிஞ்சுதான் கீது. சரி, தெரியட்டும். இனிமே வாயத் தொறக்க மாட்டாரு இல்ல?"

"மாட்டாரு."

"அப்ப நான் படிக்கணும் மேடம், வெக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஏழு மணி பஸ் முதல் வாரம் முன்போலவே ஓடியது. பிறகு கேரம் கூட்டம் ஏறியது. வேறு லைனில் வேலை செய்யும் கணவனுக்காகக் காத்திருந்து சேர்ந்து போகிறவர்கள் ஏறினார்கள். மாமியார் சமைத்து முடிக்கட்டும் என்று வேண்டுமென்றே தாமதம் செய்கிறவர்களும் ஏறினார்கள். அடுத்த மாதம் உட்கார இடமில்லை என்று புகார் வந்ததாக ஹேமநாதன் எழுதியிருந்தார். ஒப்பந்தத்தை ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்தார்கள். இரண்டு வருஷம் கேட்டிருந்த பிரசன்னா ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான்.

இன்டர்வியூவில் என்ன ஆனது என்று அகல்யா யாரிடமும் கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் அவள் இல்லை. ஷோபனாவும் கூப்பிடவில்லை. சில ராத்திரி பாத்திரம் கழுவும்போது நினைத்துக்கொள்வாள். வெங்கட், "என்ன, ஏதாவது கேஸா?" என்பான். "இல்ல, ஒண்ணுமில்ல" என்பாள். அவனிடமும் சொல்ல முடியாத வேலை அது. அவனுக்கும் அது பழகிவிட்டது.

புதுப்பித்த ஒப்பந்தத்தில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: மேற்பார்வை வேலையில் இருப்பவர்களுக்கு அகல்யா வந்து வகுப்பு எடுக்க வேண்டும். மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் தொழிற்சாலைப் பயிற்சி அறையில் நாற்பது பேர் முன்னால் நின்றாள். கடைசி வரிசையில் ஹேமநாதன் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வரிசையில் ஓரமாக ஷோபனா. லைன் லீடர்களுக்கான நீலச் சட்டை, கழுத்தில் புது அடையாள அட்டை. அகல்யாவின் கண் அவள்மேல் பட்டு, மற்றவர்கள்மேல் நகர்ந்த அதே வேகத்தில் நகர்ந்தது.

பேசி முடித்து, "கேள்வி இருந்தா கேளுங்க" என்றாள். மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"மேடம், லைன்ல ஒரு பொண்ணு அழுதுகினே வேல செய்யுதுன்னு வெச்சுக்கங்க. நான் இன்னா கேக்கணும், இன்னா கேக்கக் கூடாது?"

"தண்ணி வேணுமான்னு கேளுங்க. கொஞ்ச நேரம் வெளிய போய் உட்கார்றியா, உன் இடத்துல நான் ஆள் போடறேன்னு சொல்லுங்க. ஏன் அழறேன்னு நோண்டாதீங்க. அவங்களா சொன்னா கேட்டுக்கங்க."

"கேட்டதுக்கு அப்புறம்?"

"அதோட விட்டுடுங்க. பக்கத்து லைனுக்குக் கொண்டு போகாதீங்க. உங்க வீட்டுக்குக்கூட."

"நானே ஆபீசுக்கு வந்து சொல்லலன்னா, அப்புறம் என்னையத் திட்டுவாங்களே மேடம்?"

சில பேர் சிரித்தார்கள். கடைசி வரிசையில் ஹேமநாதன் தன் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார்.

"திட்டினா என் பேரைச் சொல்லுங்க" என்றாள் அகல்யா. "உங்க பேரு?"

"ஷோபனா மேடம். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்."

"நல்ல கேள்வி ஷோபனா. உட்காருங்க. அடுத்து யாரு?"